கினி பிக்குக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்த பின் வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

ஆபரேஷன் முடிந்து கினி பிக்கை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் அதைத் தூக்கித் திருப்பித் தையலைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் ஆபத்து அதிகமாக வருவது வயிற்றிலிருந்து. சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்று சொல்ல முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சொல்ல முடியவில்லை என்றால் தையல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

காரணம் இதுதான். நாய்க்கு ஆபரேஷன் செய்தால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கும், மறுநாள் எழுந்து தட்டை நக்கும், ஒன்றும் ஆகாது. கினி பிக்கின் உடம்பு வேறு. அதன் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது, புல்லின் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அங்கேதான் வாழ்கின்றன, மேலிருந்து புல் வந்துகொண்டே இருந்தால்தான் குடல் அசைந்துகொண்டே இருக்கும். வலியாலோ பயத்தாலோ அது வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டால் குடல் மெதுவாகும், வாயு சேரும், வாயுவால் இன்னும் வலிக்கும், வலித்தால் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றாலே டாக்டருக்கு போன் செய்துவிட வேண்டும், 24 மணி நேரம் ஆகும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே கூடாது.

ஆபரேஷனுக்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை

இது அவசர ஆபரேஷன் இல்லை, நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி நமக்கு இருக்கிறது. அதனால் நம் ஊரில் தை, மாசி மாதங்களில் செய்துகொள்வதே நல்லது. கினி பிக் ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த இனம், 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகமான வெப்பம், 28-ஐத் தாண்டினாலே திணறத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில், தையலோடு ஒரு கினி பிக்கைப் பார்த்துக்கொள்வது அதற்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

டாக்டரைத் தேடும்போது "இதற்கு முன் கினி பிக்குக்குச் செய்திருக்கிறீர்களா" என்று நேராகக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகிய இடத்தில் முந்தின இரவிலிருந்து பட்டினி போடச் சொல்லிவிடலாம். கினி பிக்கை அப்படி இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. வாயில் உணவு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகக் கொஞ்ச நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், அது சரி. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகளும் இருக்கின்றன, பக்கத்தில் சிறு பிராணிகள் பார்க்கும் டாக்டர் கிடைக்காதவர்கள் அங்கே முதலில் போன் செய்து விசாரித்துவிட்டுப் போகலாம்.

போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவையுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும், ஒரு பாத்திரத்தில் உட்கார வைத்துப் போடலாம். ஆபரேஷனுக்குப் பிறகு நமக்கு உண்மையைச் சொல்லப்போவது இந்த எண்தான், ஏனென்றால் கினி பிக் நோயை மறைக்கும் பிராணி, வாயில் புல்லை வைத்துக்கொண்டு மெல்வது போலவே உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. அதோடு சாப்பிடாவிட்டால் சிரிஞ்சில் ஊட்டும் பொடி ஒரு பாக்கெட், ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் நாலைந்து, காயத்தைத் துடைக்க நார்மல் சலைன் என்ற உப்புநீர் ஒரு பாட்டில், நாலைந்து பழைய டவல், இவற்றை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

கூண்டும் அறையும்

மரத்தூள், உமி, வைக்கோல் எதுவும் ஒரு பத்து நாளைக்கு வேண்டாம். தூசி காயத்தில் ஒட்டும், வைக்கோலின் முனை குத்தும். வெளிர் நிற டவல் அல்லது தடித்த காட்டன் துணியை இரண்டு மடிப்பாக விரியுங்கள், வெளிர் நிறமாக இருந்தால் ரத்தமோ சீழோ பட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும், புழுக்கையை எண்ணவும் எளிது. பழைய புடவையைக் கிழித்துப் போடுகிறவர்கள் நூல் பிரியாமல் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள், நூல் காலில் சுற்றிக்கொள்ளும். காலையும் மாலையும் மாற்ற வேண்டும், நனைந்திருந்தால் அதற்கு நடுவிலும். கூண்டில் மாடி, சரிவுப் பலகை எல்லாம் இருந்தால் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் இருக்கட்டும், நாம் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதையும் எடுத்துவிட்டால் பயத்தில் சாப்பிடாமல் போகும்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈ. காயத்தின் வாசனைக்கும் மூத்திர ஈரத்துக்கும் ஈ வந்து முட்டையிட்டால் இந்த வெப்பத்தில் ஒரு நாளுக்குள்ளேயே பொரித்துப் புழு வைத்துவிடும், அப்புறம் மணிக்கணக்கில்தான் நேரம். அதனால் கூண்டைப் பால்கனியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள், கொசுவலையால் முழுவதும் மூடுங்கள், பகலிலும்தான். எறும்பும் வரும், குறிப்பாகச் சிரிஞ்சில் ஊட்டும்போது தாடையில் ஒட்டியிருப்பதைத் தேடி. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பாட்டி காலத்து வழியே போதும், எறும்பு சாக்பீஸ், மருந்து ஸ்பிரே எதையும் கூண்டுக்குப் பக்கத்தில் பயன்படுத்தாதீர்கள்.

முதல் இரவு

முடிந்தால் ஆஸ்பத்திரியிலேயே அது ஏதாவது ஒரு இலையைக் கடிக்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். கொத்தமல்லிக் கட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போனால் மயக்கம் தெளிந்ததும் முகர்ந்து பார்த்துக் கடிக்கும்.

மயக்க மருந்துக்குப் பிறகு உடம்பு சில்லென்று இருக்கும், சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். வெளியே 34 டிகிரி இருக்கிறதே என்று ஏசியைப் போட்டு அதற்கு நேராகக் கூண்டை வைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, டவலில் சுற்றி, கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வைத்தால் வேண்டுமென்றால் ஒட்டிப் படுக்கும், வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ளும். காதைத் தொட்டுப் பாருங்கள், காதும் பாதமும் குளிர்ந்திருந்தால் இன்னும் சூடு தேவை. நன்றாகத் தெளிந்து நடமாடத் தொடங்கிய பிறகு பாட்டிலை எடுத்துவிடலாம். மறுநாளிலிருந்து கவலை தலைகீழாக மாறும், சூடு ஏறாமல் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் பக்கவாட்டில் வைக்கலாம், தையல் நனையாத தூரத்தில்.

அன்று இரவு என்னென்ன வைக்கலாம் என்றால், அதற்கு மிகவும் பிடித்தது எதுவோ அதையெல்லாம். டிமத்தி ஹே என்ற உலர்ந்த புல் பழகியிருந்தால் அதுவே முதலில், மூக்கு எட்டும் தூரத்தில் குவித்து வையுங்கள். ஹே கிடைக்காதவர்களுக்கு அருகம்புல் நல்ல மாற்று, பிள்ளையார் கோயில் வாசல் பூக்கடையிலேயே கிடைக்கும், ஆனால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறிய பிறகுதான் வைக்க வேண்டும். பசுமையான புல்லும் இலையும் உள்ளே போனால் தண்ணீரும் போகிறது, அது கூடுதல் நன்மை, ஏனென்றால் வலியில் இருப்பது பாட்டில் குழாயை நோக்கிக் கழுத்தைத் தூக்காது. தாழ்வான கிண்ணத்திலும் கொஞ்சம் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டும் வாயு தரும், இந்த வாரம் வேண்டாம். முருங்கைக்கீரையும் பசலையும் சுண்ணாம்புச் சத்துக்கும் கல் சேர்க்கும் ஆக்ஸலேட் உப்புக்கும் பேர்போனவை, குறைத்துக்கொள்ளுங்கள். தயிர் சாதம், பிஸ்கட், பாலில் நனைத்த பிரெட் என்று பாசத்தில் ஊட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், அது முழுக்க முழுக்கப் புல் தின்னும் பிராணி, பாலையும் மாவையும் அதன் குடல் தாங்காது.

மறுநாள் காலையில் புழுக்கையைப் பாருங்கள். முதல் நாள் குறைவாகவும் சிறியதாகவும் கொஞ்சம் உலர்ந்தும் இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் நாளிலிருந்து அளவும் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே வர வேண்டும். ஒன்றுமே இல்லை, அல்லது தண்ணீராகப் போகிறது என்றால் உடனே டாக்டர்.

சாப்பிடாவிட்டால் சிரிஞ்சில் ஊட்டுவது

இதைச் சரியாகக் கற்றுக்கொண்டவர்கள் தங்கள் பிராணியைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தளர்வாக, மெத்தென்று இருந்தால் ஊட்டலாம். மத்தளம் போல விறைத்து உப்பியிருந்தால் ஊட்டவே கூடாது, அது வாயு அடைத்த வயிறு, உள்ளே இன்னும் திணித்தால் நிலைமை மோசமாகும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஆக்ஸ்போ கிரிட்டிக்கல் கேர் போன்ற பொடி ஆன்லைனில் கிடைக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவில் கலந்தால் கூழ் பதத்துக்கு வரும். அது இல்லையென்றால் தினமும் சாப்பிடும் பெல்லட்டையே வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, டீ வடிகட்டியில் தேய்த்து எடுத்து ஊட்டலாம், நார் குறைவு என்றாலும் அந்த இரவைக் கடத்த உதவும். குழந்தைகளுக்கான பால் கலந்த மாவுப் பொடி வேண்டாம்.

கினி பிக்கை டவலில் தலை மட்டும் வெளியே தெரியும்படி தளர்வாகச் சுற்றி, மடியில் நான்கு காலும் கீழே இருக்கிற இயல்பான நிலையில் உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வயிற்றுப் பக்கம் டவலை இறுக்காதீர்கள், தையல் அங்கேதான் இருக்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஒரு இடைவெளி உண்டு, உதட்டின் ஓரத்திலிருந்து அந்த இடைவெளி வழியாகச் சிரிஞ்சை நுழைத்து, எதிர்க் கன்னத்தைப் பார்த்தபடி சாய்த்துப் பிடித்து, அரை மில்லிக்கு மேல் போகாமல் மெதுவாகத் தள்ளுங்கள். மெல்லும், விழுங்கும், அதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. நேராகத் தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சக் கூடாது. கூழ் சிரிஞ்சின் முனையில் அடைத்துக்கொண்டால் முனையைக் கொஞ்சம் வெட்டி, வெட்டிய ஓரத்தைச் சொரசொரப்பு போகத் தேய்த்துக்கொள்ளலாம்.

தானாக எதுவுமே சாப்பிடாத கினி பிக்குக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மில்லி வரை கூழ் தேவைப்படும். 900 கிராம் இருக்கும் ஒன்றுக்கு 45 முதல் 70 மில்லி, அதை ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்குச் சுமார் 8 முதல் 12 மில்லி. அதாவது நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் அலாரம் வைத்து. பாதி தானாகச் சாப்பிட்டு பாதி சாப்பிடாமல் இருந்தால் இந்த அளவையும் பாதியாக்கலாம், எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊட்டி முடித்ததும் ஈரத் துணியால் தாடையைத் துடைத்து, புல்லை மூக்குக்கு நேராகக் காட்டுங்கள், பல நேரம் ஊட்டிய சூட்டோடு தானாகவே கடிக்கத் தொடங்கும். ஊட்டுவதன் நோக்கமே அதுதான், சிரிஞ்சுக்குப் பழக்குவது இல்லை.

வைட்டமின் சி-யையும் சேர்த்துக் கவனியுங்கள். நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் அதைத் தானாக உருவாக்கிக்கொள்ளாது, குறைந்தால் காயம் ஆறத் தாமதமாகும், ஈறு வலிக்கும், சாப்பாடு இன்னும் குறையும். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம், உடம்பு தேறும் காலத்தில் 50 வரை கொடுப்பார்கள். குடைமிளகாயில் ஒரு பெரிய துண்டு தினமும் கொடுத்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும், கொய்யாவில் இன்னும் அதிகம் ஆனால் இனிப்பும் அதிகம் என்பதால் விரல் நுனி அளவு போதும். தண்ணீர் பாட்டிலில் மாத்திரையைக் கரைத்து வைப்பதில் பயனில்லை, சத்து சீக்கிரம் போய்விடும், சுவை மாறினால் தண்ணீரும் குடிக்காது.

மருந்து: இங்கே தவறினால் திரும்ப முடியாது

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், செஃபலெக்சின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின். இந்தப் பெயர்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். நமக்கும் நாய்க்கும் சாதாரணமாகக் கொடுக்கும் இந்த ஆன்டிபயாட்டிக்குகள் கினி பிக்கின் வாய்க்குள் போனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும், அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும், வயிற்றுப்போக்கு தொடங்கிச் சில நாளில் உயிர் போய்விடும். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய சிரப் மிச்சம் இருக்கிறதே, காயம் ஆறட்டுமே என்று நல்லெண்ணத்தில் இரண்டு சொட்டு கொடுப்பது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக் தேவை என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின் அல்லது டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா எழுதுவார்கள். சீட்டில் மேலே சொன்ன பெயர் ஏதாவது இருந்தால், மரியாதையாக, ஆனால் கட்டாயமாக, "சார், இது கினி பிக்குக்குக் கொடுக்கலாமா" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

வலி மருந்து பற்றி இன்னொன்று. "சின்னப் பிராணிதானே, ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று அனுப்பிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. போதாது. வலி இருந்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். மெலாக்சிகாம் திரவமாகச் சில நாளைக்குக் கொடுப்பது வழக்கம், அதைக் கேட்டு வாங்குங்கள், ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்று சிரிஞ்சிலேயே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கினி பிக் நன்றாக இருப்பது போலத் தெரிகிறதே என்று நடுவில் நிறுத்த வேண்டாம். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் என்று நம் மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள்.

வலி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? முதுகைக் கூன வைத்து ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கும், முடி சிலிர்த்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு வழக்கமாகக் கத்துவது கத்தாது. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். காய்கறி ட்ரே இழுபடும் சத்தத்துக்கு மறுபடி அந்தக் "குயீக்" வந்துவிட்டால் உடம்பு தேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காயத்தைப் பார்ப்பது

நாளைக்கு இரண்டு முறை, நல்ல வெளிச்சத்தில். ஒரு கையை மார்புக்குக் கீழேயும் இன்னொரு கையைப் பின்பக்கத்துக்குக் கீழேயும் கொடுத்து, உங்கள் மார்போடு சாய்த்து நிமிர்த்திப் பிடித்து, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆண் கினி பிக்கில் விதைப்பை இருந்த இடம் இரண்டு மூன்று நாள் வீங்கியிருக்கும், கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கலாம், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்து நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நான்காம் ஐந்தாம் நாளில் வற்றாமல் பெரிதாகிறது, சிவக்கிறது, சுடுகிறது என்றால் காட்ட வேண்டும். இன்னொரு விஷயம், ஆண் கினி பிக்கில் வயிற்றுக்கும் விதைப்பைக்கும் நடுவிலுள்ள வழி வாழ்நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், தெரிந்த டாக்டர் அதை அடைத்துத்தான் தைப்பார். அப்படியும் எப்போதாவது குடலோ கொழுப்போ அந்த வழியாக இறங்கிவிடலாம். மெத்தென்று, அமுக்கினால் உள்ளே போய் வருகிற வீக்கம் திடீரென்று வந்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டு போங்கள்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் தொல்லை தருவது சீழ்க்கட்டி. அது முதல் வாரத்தில் வராமல், எல்லாம் ஆறிவிட்டது என்று நாம் நினைக்கிற இரண்டாம் மூன்றாம் வாரத்தில்கூட வரும். தையல் இருந்த இடத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அது மேலும் பெரிதாகும். உள்ளே இருக்கும் சீழ் தண்ணீராக இருக்காது, தயிர்க்கட்டி மாதிரி இறுகியிருக்கும், அதனால் பிதுக்கினால் வெளியே வராது, உள்ளுக்குள் பரவத்தான் செய்யும். டாக்டர்தான் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அதனால் மேலே முடி வளர்ந்துவிட்டாலும் ஒரு மாதம்வரை தடவிப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

காயத்தில் என்ன போடலாம் என்று கேட்டால், டாக்டர் தந்ததைத் தவிர எதுவும் வேண்டாம். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் நம் கைக்கு உடனே வரும், ஆனால் அது குனிந்து நக்கிவிடும், எண்ணெய்ப் பிசுக்கில் அழுக்கு ஒட்டும். டெட்டால் அறவே கூடாது. ஸ்டீராய்டு கலந்த ஆயின்ட்மென்ட்டும் அப்படித்தான். அசுத்தம் ஒட்டியிருந்தால் நார்மல் சலைனில் நனைத்த பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை வாங்குங்கள், தேய்க்க வேண்டாம். தையல் பிரிக்கும்வரை குளியலும் இல்லை. காயத்தில் வெள்ளையாக அரிசி நொய் மாதிரி ஈ முட்டைகளோ நெளியும் புழுவோ தெரிந்தால் மாட்டுப் புண்ணுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், இந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது, அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

தையலைக் கடித்தால் நாய்க்கு மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு நினைவுக்கு வரும். கினி பிக்குக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. தன் ஆசனவாயிலிலிருந்து வரும் மென்மையான புழுக்கையைத் தானே வாயால் எடுத்துத் தின்பது அதன் செரிமானத்தின் ஒரு பகுதி, கூம்பு போட்டால் அதுவும் முடியாது, புல்லும் எட்டாது, பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும். விடாமல் கடிக்கிறது என்றால் வலி மருந்து போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். தானாகக் கரையும் தையலா, பத்துப் பதினான்கு நாளில் பிரிக்க வேண்டிய தையலா என்பதையும் மறக்காமல் கேட்டு வையுங்கள்.

எடையை ஆபரேஷன் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குத் தினமும் போடுங்கள். முதல் இரண்டு நாளில் 20, 30 கிராம் குறையலாம். 50 கிராமைத் தாண்டினால் ஊட்டுவதைத் தொடங்கி டாக்டரிடம் பேசுங்கள், பழைய எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் நேரில் காட்டியே ஆக வேண்டும்.

பெண் கினி பிக்குக்குச் செய்திருந்தால் இது வயிற்றுக்குள் போய்ச் செய்யும் ஆபரேஷன் என்பதால் எல்லாமே ஒரு படி மெதுவாகத்தான் நடக்கும். மூன்று நாள்வரை சோர்வாக இருக்கும், சிரிஞ்சில் ஊட்ட வேண்டிவரும் என்று நினைத்தே தயாராக இருங்கள், வலி மருந்தும் அதிக நாள் தேவைப்படும். சினைப்பையில் நீர்க்கட்டி வந்து அதற்காக எடுத்திருந்தால் வயதும் கூடியிருக்கும், இன்னும் பொறுமை வேண்டும்.

துணையோடு சேர்ப்பது

கினி பிக் தனியாக வாழும் பிராணி இல்லை. குணமாகும் அறையில் அதைத் தனியே பூட்டிவைத்தால் சாப்பாடு இன்னும் குறையும், அதனால் துணையின் கூண்டைப் பக்கத்திலேயே வையுங்கள், ஒன்றின் சத்தமும் வாசனையும் மற்றொன்றுக்குக் கிடைக்கட்டும். துணையும் ஆண் என்றால் ஓரிரு நாளில், காயத்தை நக்காமல் மேலே ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்கலாம். இரண்டு ஆண்கள் சண்டை போடுகின்றன என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதனால் சண்டை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இடம் போதாமல் வரும் சண்டைக்குப் பெரிய கூண்டுதான் வழி.

பெண்ணோடு சேர்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். விதை எடுத்த பிறகும் குழாய்களில் மிச்சமிருக்கும் விந்து சில வாரங்களுக்குக் கருத்தரிக்க வைக்கப் போதுமானது. நான்கு வாரம் என்று சிலர் சொல்வார்கள், ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒருநாள்கூட "கொஞ்ச நேரம்தானே" என்று விடாதீர்கள். பெண்ணின் சினைப்பருவம் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒரு முறை வந்துவிடும், சினை 59 முதல் 72 நாள், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படும். ஏழெட்டு மாதம்வரை குட்டியே போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும், அதற்குப் பிறகு முதல் முறையாகச் சினைப்பட்டால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பி வலை இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், இரண்டு வலை வைத்து நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

ஆறு வாரம் முடிந்து சேர்க்கும் நாளில் இரண்டின் கூண்டையும் தவிர்த்து, இரண்டுக்கும் பழக்கமில்லாத தரையில் விடுங்கள், நடுவில் பெரிய குவியலாகப் புல், சுற்றிலும் இரண்டு வாசல் உள்ள அட்டைப்பெட்டிகள், ஒரே வாசல் என்றால் ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும். துரத்துவதும், பின்னால் முகர்வதும், இடுப்பை ஆட்டிக்கொண்டு "குர்ர்" என்று சுற்றி வருவதும் அறிமுகத்தின் பகுதிதான், விட்டுவிடலாம். இரண்டும் நேருக்கு நேர் நின்று தலையைத் தூக்கிப் பல்லைக் கடகடவென்று அடித்தாலோ, பாய்ந்து ஒன்றையொன்று கவ்வினாலோ, ஒரு தடித்த டவலை நடுவில் போட்டுப் பிரித்துவிடுங்கள், வெறும் கையை விடாதீர்கள், கடி ஆழமாக இறங்கும்.